மறை 1920

கிச்சனர் என்கிற ஊரில்
குசினி மேசையில் இருந்துகொண்டு
கண்ணில்லாத ஒன்றுக்கு
யன்னல்களைப் பற்றி எழுதுகிறேன்.
அதுதான் வேலை. மணிக்கு நாற்பத்தொரு டொலர்.

முகவர் என்கிறோம் அதை.
அதற்குத் திரை தெரியாது, என் வசனம்தான் தெரியும்.
'பட்டியலிடு' என்ற கருவி எதைத் தரும்,
'முன்னே கொண்டுவா' எதை எதன்மேல் ஏற்றும்,
'சுருக்கு' என்றால் சாகடிப்பதில்லை,
இதெல்லாம் எழுதி அனுப்பினால்
ஓவன் அதை ஓடவிட்டுப் பார்ப்பான்.

செவ்வாய்க்கிழமை 'மூடு' என்பதற்கு
"யன்னலை மூடும்" என்று எழுதியிருந்தேன்.
இரண்டே சொல்.
முகவர் மூடியது.
ஓவன் சேமிக்காமல் வைத்திருந்த பதினொரு பக்கம் போனது.
'நீ சொன்னதைத்தானே அது செய்தது' என்றான்,
மிக மெதுவாக.
இந்த ஊரில் கோபம் அந்தச் சத்தத்தில்தான் வரும்.

இப்போது அந்த இடத்தில் ஆறு வரி இருக்கிறது.
மூடுமுன் கேள்.
சேமிக்காதது இருந்தால் நில்.
பதில் வராவிட்டால்
அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதே.
இந்தக் கடைசி வரியை யாருக்கு எழுதினேன் என்று
கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
அப்படியே விட்டேன்.

விடிய ஐந்தரை. உப்பு லொறி போகிறது.
சுவரில் இருக்கிற யன்னலில்
(எதைச் சொல்கிறேன் என்று இப்போதெல்லாம்
விளக்க வேண்டியிருக்கிறது)
உள்கண்ணாடிக்கும் வெளிக்கண்ணாடிக்கும் நடுவே
செத்த ஈ ஒன்று, இலையுதிர்காலத்தில் இருந்து.
அந்த இடத்துக்கு ஒரு கருவியும் இல்லை.

உதாரணம் வேண்டும் என்றார்கள்.
என் கணினியிலேயே ஓடவிட்டேன்.
ஏழு யன்னல் என்றது.
நான் எண்ணினால் ஆறு.

ஏழாவது:
பெயர் வீட்டுக்கணக்கு.
அகலம் 800, உயரம் 600.
தெரிகிறதா? ஆம்.
இடம் மறை 1920, 140.

பூச்சியத்துக்கு இடப்பக்கம் இருப்பது மறை.
இடப்பக்கம் பார்த்தேன்.
மேசையில் வெயில் படாத ஒரு நீள்சதுரம்,
இரண்டாவது திரையின் கால் நின்ற அடையாளம்.
ஒக்டோபரில் அகிலேசன் ஹமில்ட்டனுக்குப் போனபோது
அதைக் கம்பளியில் சுற்றி
பின்சீட்டில் இருத்தி
பெல்ட்டும் போட்டுக் கொண்டுபோனான்.
வாங்கியவன் அவன். நியாயம்தான்.

கணினியை எழுப்பும் ஒவ்வொரு நாளும்
பழைய இடம் நினைவில் வைத்து
இல்லாத திரையில்
அந்தக் கணக்கு விரிந்து கிடந்திருக்கிறது,
ஐந்து மாதம்.

'ஒழுங்குபடுத்து' என்றேன் முகவரிடம்.
உடனே இழுத்து வந்து 0, 0 இல் வைத்தது.
வாடகை. ஹைட்ரோ. பனிக்காலச் சில்லு நான்கு.
கடைசி நிரையில் அவன் தட்டியிருந்தது:
'றால் 23.40. இதில் எனக்குப் பங்கில்லை,
முழுதும் நீதான் சாப்பிட்டாய்.'

சிரித்துவிட்டேன்.
உண்மைதான், முழுதும்.

பிறகு வேலைக்குத் திரும்பினேன்.
குறிப்பு: 'தெரிகிறது' என்ற பெறுமானத்தை நம்பாதே.
ஆள்கூறு மறையாக இருந்தால்
எந்தெந்தத் திரை இப்போது இணைந்திருக்கிறது என்று பார்.
அங்கே திரை இல்லை என்றால்
யன்னலை அசைக்காதே.
இருக்கிறது என்று மட்டும் சொல்.

எட்டு மணிக்கு ஓவன் கேட்டான்:
'இழுத்து வந்தால்தானே பிரயோசனம்?'
சிலருக்கு, என்று பதில் போட்டேன்.
வாதாடி, கடைசியில் அதை ஒரு விருப்பமாக்கினோம்,
இயல்பில் அணைந்திருக்கும்.

'நகர்த்து' மட்டும் இன்னும் சோதிக்கவில்லை.
வீட்டுக்கணக்கு. மறை 1920, 140.
அனுப்பினேன்.
கருவி வேலை செய்கிறது.
திரையில் ஆறு,
பட்டியலில் ஏழு,
ஹைட்ரோ பில் இன்னும் இரண்டு பேர் பெயரில்.