அறுநூற்றுப் பத்து கிராம்

பழைய சிபியூவைத் திறந்தபோது
மின்விசிறிக்குள் ஒரு நத்தை.
போன கார்த்திகையில் வெண்ணாறு
கூடம்வரை வந்துபோனதற்குச் சாட்சி.

மன்னார்குடிக் கடையில் ஜபருல்லா
ராம், எஸ்எஸ்டி, மூன்று வருட வாரண்டி என்று
மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார்.
செண்பகவல்லி கேட்டது ஒன்றுதான்:
"எடை எவ்வளவு?"

அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.
பக்கத்து மிட்டாய்க்கடைத் தராசில்
அல்வாப் பிசுக்கின்மேல் தாள் விரித்து வைத்தார்.
அறுநூற்றுப் பத்து.
"சரி, பில் போடுங்க."

உரக்கடைக் கணக்கு, ஜிஎஸ்டி, மகனின் செமஸ்டர்
எல்லாம் இப்போது
சுவரின் சேற்றுக்கோட்டுக்கு
இரண்டு சாண் மேலே, ஓர் ஆணியில்.

தண்ணீர் வந்தால்
ஒரு கையில் இதைத் தூக்கிக்கொள்வாளாம்.
இன்னொரு கையில்?
யோசிக்கிறாள்.
நான் பக்கத்தில்தான் நிற்கிறேன்.