கொஞ்சம் கனம்

"தலை வலிக்குதா?"
"இல்ல டாக்டர்."
"வாந்தி? கழுத்து இறுக்கம்?"
"அதெல்லாம் ஒண்ணுமில்ல."
காலையிலிருந்து ஐந்தாம் முறை கேட்கிறேன்,
ஒரு வலியைக் கெஞ்சி வாங்குகிறவள் போல.

குணாளன் சன்னாசி, நாற்பத்தெட்டு வயது.
பாயான் லெப்பாசுக்கு இரவு ஷிப்ட் ஆள் ஏற்றும் பஸ் டிரைவர்.
உள்ளே இருப்பது தங்கை கொடுத்த சிறுநீரகம்.
அதைக் காக்க விழுங்கும் மாத்திரைகள்தான்
மற்ற காவலையெல்லாம் தூங்க வைத்துவிட்டன.
புறா எச்சத்துப் பூஞ்சை ஒன்று
நுரையீரலில் நெல்லிக்காய் அளவுக்கு
வெள்ளையாய் உட்கார்ந்திருக்கிறது.
ரத்தப் பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடு.
மூளைக்கு ஏறியிருக்கிறதா?
அதை ரத்தம் சொல்லாது.

"முதுகுல ஊசி மட்டும் வேணாம்.
எங்க மச்சான், சுங்கை பட்டாணியில..."
மீதி எனக்குத் தெரியும்.
எல்லாக் குடும்பத்திலும் ஒரு மச்சான் உண்டு,
ஊசி போட்ட மறுநாள் கால் விளங்காமல் போனவர்.

போனில் டாக்டர் ஊய்:
"உறுப்பு மாற்றினவர் தலைவலி இல்லை என்றால்
அதை நம்பாதே. நீரை எடு."
நம்பாமல் இருக்கலாம்.
கையெழுத்து அவருடையது.

நுரையீரல் மட்டும் என்றால் மாத்திரை போதும்.
மூளை என்றால் நரம்பில் ஏற்றும் மருந்து,
அது சிறுநீரகத்தைக் கடிக்கும்.
தங்கையின் சிறுநீரகத்தை.
ஊகத்தில் கொடுக்கவும் பயம்,
ஊகத்தில் விடவும்.

கைலியை மடித்துக்கொண்டே விமலேஸ்வரி சொன்னார்:
"பத்து நாளா பஸ் எடுக்கல.
பாலம் ரெண்டாத் தெரியுதுன்னாரு."
நான் சிரித்துவிட்டேன்.
பினாங்குக்குப் பாலம் இரண்டுதானே அக்கா.
அவர் சிரிக்கவில்லை.
"எங்க வீடு ஜெலுத்தோங்.
அங்கருந்து ஒண்ணுதான் தெரியும்."

விரலை இடப்பக்கம் நகர்த்தினேன்.
வலது கண் கூடவே வந்தது.
இடது கண் பாதி வழியில் நின்றது,
எண்ணெய் தீர்ந்த வண்டி.

"அண்ணே, தலை?"
"வலி இல்ல.
கொஞ்சம் கனம்."

ஸ்கேன் முடிந்து வந்தபின்
தாளை நீட்டினேன்.
வெகுநேரம் பார்த்தார்.
"கட்டம் ரெண்டு இருக்கே,
எதுல போட?"
அதற்குமேல் மச்சானைப் பற்றி அவர் பேசவில்லை.

இறால் போலச் சுருண்டு படுத்தார்.
சிஸ்டர் நோராயினி தோளை அணைத்துக்கொண்டாள்.
குழாயில் நீர் ஏறியது:
இருபது, இருபத்தாறு,
முப்பத்து நான்கில்
அவர் மூச்சோடு மேலும் கீழும் ஆடியது.
குழாயடித் தண்ணீர் மாதிரி தெளிவு.
சொட்டுச் சொட்டாய் விட்டேன், பாதி அழுத்தம் இறங்கும்வரை.
"டாக்டர், யாரோ தலையிலேருந்து கையை எடுத்த மாதிரி இருக்கு."

இரவு ஒன்பதரைக்கு ஆய்வுக்கூடத்தில்
கறுப்பு மைத்துளிக்குள்
ஒளிவட்டம் கட்டிக்கொண்டு
எண்ணி முடியாத உருண்டைகள்.

திரும்பி வந்தபோது
வார்டு வாசலில் விமலேஸ்வரி
கைப்பேசியில் தங்கையின் எண்ணை எடுத்து
அழுத்தாமல்
வைத்துக்கொண்டே நின்றார்.