எண்பத்து மூன்றாம் வரிசை

செந்தூலில் மூன்றாவது நாளாகத் தண்ணீர் இல்லை.
குழாயைத் திறந்தால்
யாரோ தொண்டையைச் செருமுகிற சத்தம்,
பிறகு ஒன்றுமில்லை.

பதினேழாம் மாடி.
மடிக்கணினியில் எக்செல் தாள்,
அதில் மலாவியின் பன்னிரண்டு கிராமங்கள்,
வரிசைக்கு ஒரு வீடாக.
வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை போக வேண்டும்.
ஜெனீவாவிலிருந்து மரியாதையான ஒரு வரி:
'எண்பத்து மூன்று
பக்கத்து வீடுகளோடு ஒத்துப்போகவில்லையே,
சரிபார்க்க முடியுமா?'

எண்பத்து மூன்றின் பெயர் எஸ்னாத்.
தாளில் பெயர் கிடையாது, எனக்குத் தெரியும்.
நான் போன அன்று மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள்.
கையை நிறுத்தாமலே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
இந்தியாவா என்றாள்.
மலேசியா என்றேன், கடலுக்கு அந்தப் பக்கம்.
ஏரி மாதிரியா?
ஆமாம், உப்புப் போட்ட ஏரி.
அதற்கு அவள் சொன்னதை
வேஸி எனக்கு மொழிபெயர்க்கவில்லை.
இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள்.

பதினான்காம் கேள்வி:
தண்ணீர் எடுத்துத் திரும்ப எத்தனை நிமிடம்?
எஸ்னாத் சோளத்தைப் பார்த்தாள்,
வேஸியைப் பார்த்தாள்,
என் காலணியைப் பார்த்தாள்.
'நாற்பது.'

முந்தின நாள் மாலை
அவள் மகளோடு நானே நடந்திருந்தேன், கையில் கடிகாரத்தோடு.
வரிசையில் நின்றதையும் சேர்த்து இருபத்திரண்டு.
முப்பதைத் தாண்டிய வீடு ஒன்றாவது இருந்தால்தான்
அந்த ஊர் பட்டியலில் ஏறும், புதுப் பம்பு வரும்.
விதி எங்கள் அலுவலக அலமாரியில் இருக்கிறது.
இவளுக்கு எப்படித் தெரிந்தது?
எப்படித் தெரியாமல் இருக்கும்?
எனக்கு முன்னால் நான்கு பேர்
நான்கு நிறப் படிவங்களோடு வந்து போயிருந்தார்கள்.
ஒருவர் கொசுவலை தந்தார்.
ஒருவர் தொப்பி.

நாற்பது என்று எழுதினேன்.
பேனா தடுக்கவில்லை.

கீழே ஹாரன்.
தண்ணி லோரி வந்துவிட்டது.
லிஃப்டில் வாளிக்குள் வாளி, அதற்குள் குழந்தை.
காக் ரோஹானி
பிஸ்கட் டின்னைக்கூட விட்டுவைக்கவில்லை.
நிர்வாகக் குழு லிங்
குடையின் கீழ் பிளாஸ்டிக் நாற்காலியில், நோட்டுப் புத்தகத்தோடு.
தலைக்கு இரண்டு வாளி.
'வீட்டில் எத்தனை பேர்?'

நான் தனியாக இருப்பவள்.
லிங்குக்கும் தெரியும்,
என் பார்சல்களுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான்.
லிங்கின் காலணியைப் பார்க்கிறேன்.
இடது நாடா அவிழ்ந்து கிடக்கிறது.
'மூணு.'
அவர் நிமிரவில்லை.
மூன்று என்று எழுதுகிறார்.

எனக்குப் பின்னால் இன்னும் இருபது பேர் இருக்கும்.
லோரியின் குழாயில் நீர் மெலிகிறது.
கடைசியில் நேப்பாளக் காவலாளி,
ஒரே ஒரு மினரல் போத்தலோடு.
நான் திரும்பிப் பார்க்காமல் லிஃப்டில் ஏறினேன்,
மூன்று தடவை.

ஆறாவது வாளியை இறக்கி வைத்தபோது
விரல்களில் சிவப்புக் கோடு.
மறுபடி தாள்.
எண்பத்து நான்காம் வரிசை, அடுத்த ஊரின் முதல் வீடு:
இருபத்தெட்டு.
அந்த ஊரில் யாரும் அதற்குமேல் சொல்லவில்லை.
கோழிகளை விரட்டியபடி
உள்ளதைச் சொன்ன அந்த மனிதனின் பெயர்
எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

'சரிபார்த்தேன்' என்று தட்டுகிறேன்.
அடுத்த வார்த்தை எது என்று திரையைப் பார்த்திருக்கையில்
சமையலறையில் செருமல்.
காலையில் திறந்த குழாயை
மூட மறந்திருக்கிறேன்.