கொட்டாவி

விடிய ஆறு மணிக்கு ஸ்காபரோவிலயிருந்து கோல் வரும்.
"ரூபன், றொக்சி வாலை ஆட்டுறாளோ?"
"ஓம் அக்கா, ஆட்டுறாள்."

பொய்யில்லை. ஆட்டினவள்தான்.
வாலைக் கீழ பதிச்சு, தொடையோட ஒட்டி,
நுனி மட்டும் துடிக்கிற ஆட்டல்.
போனைத் திருப்பிப் பிடிப்பன்.
அக்காவின்ர குரல் கேட்டதும் காது ரெண்டும் நிமிரும்.
எழும்பி வந்து போனுக்குப் பின்பக்கம் மணந்து பாப்பாள்.
அங்க என்ர கைதான் இருக்கும்.
வாயை ஆவெண்டு திறந்து ஒரு கொட்டாவி.
"பாவம், நித்திரை முறியேல்லைப் போல" எண்டு
அக்கா சிரிப்பா.
நானும் சேந்து சிரிச்சனான்.

கோண்டாவில் வீட்டுத் திறப்பு என்னட்டை.
ஓட்டோ லீசிங்குக்கு அக்கா அனுப்புற காசு உதவி.
வாங்கிற காசுக்கு வஞ்சகம் செய்யக்கூடாதெண்டு
எங்கட வீட்டுக் குழம்பை, நல்லா வெங்காயம் வதக்கினது,
சோத்தில ஊத்திக் குழைச்சு
ஒவ்வொரு நாளும் வைச்சன்.
நக்கித் துடைச்சுப்போட்டு என்னைப் பாப்பாள்.
ரெண்டாம் மாசம்
படியேற ஏலாமல் நடுவில நிண்டாள்.

ஓட்டோவின்ர பின்சீற்றில துவாய் விரிச்சு,
தட்டாதெருச் சந்தியில ஹோர்ன் அடிக்காமல் திரும்பி
கொண்டுபோனன்.
டொக்டர் கௌசிகா சொண்டைத் தூக்கிப் பாத்தா.
முரசு, கழுவின சீலை மாதிரி.
"வெங்காயம் குடுத்தனீங்களோ?"
"எல்லாரும் சாப்பிடுறதுதானே டொக்டர்."
"எல்லாரும் இல்லை."
வேற ஒண்டும் சொல்லேல்லை. ஊசி ஏத்தினா.

மருந்துக்குக் காவல் இருந்த வாங்கில
எனக்குப் பக்கத்தில குருநகர்ப் பெடியன் ஒருத்தன்,
மீன்கூடைக்குள்ள கறுவல் பூனை.
கொறகொறவெண்டு சத்தம்,
சின்ன மோட்டர் ஓடுற மாதிரி.
"நல்ல சந்தோசமாய் இருக்கிறார்" எண்டன்.
"மூத்திரம் அடைச்சு ரெண்டு நாள், அண்ணை.
நோவிலயும் இப்பிடித்தானாம் கத்துவினம்."
கூடை மூடியில அவன்ர கை
எடுக்காமலே கிடந்தது.

அதுக்குப் பிறகுதான் வாங்கைச் சுத்திப் பாத்தன்.
சங்கிலியில ஒரு அல்சேசன், கொட்டாவி.
சாக்கில சுத்தின குட்டி, கொட்டாவி.
மூலையில சொறி பிடிச்ச கிழடு,
அதுவும் ஆவெண்டு.
பத்து மணி வெயிலுக்க
இத்தினை பேருக்கும் நித்திரையோ?
ஊசி மேசையைப் பாத்துப் பாத்து
ஒண்டு மாறி ஒண்டு வாயைத் திறக்குது.

அப்ப
அந்த ஆறு மணிகள்?

அக்காட்டை உடன சொல்லேல்லை.
என்னெண்டு சொல்லுறது,
உங்கட குரல் அவளுக்குப் பயமெண்டு?
பயமெண்டுமில்லை. வாசமில்லாத குரல்.
ஆள் வராத குரல்.

ஆவணியில முன்வீட்டில சாமத்தியவீடு.
ஆலாத்தி முடிய வெடி கொளுத்திச்சினம்.
நான் படலை திறந்து ஓடிவர
றொக்சி வாழைக்குப் பின்னால
மண்ணை வறுகிக்கொண்டு நிண்டாள்.
நகத்தில ரத்தம்.
தோண்டின கிடங்குக்குள்ள
தலையும் முன்காலும் போயிட்டுது,
மிச்ச உடம்பு வெளியில நடுங்குது.

அந்தக் கிடங்கின்ர அளவு எனக்குத் தெரியும்.
எனக்கு அப்ப ஒன்பது வயசு.

இழுத்தெடுக்கப் போன கையை மடக்கிக்கொண்டு
ஈர மண்ணில இருந்தன்,
அவளுக்கு முதுகைக் காட்டி.
வாவெண்டு கூப்பிடேல்லை, தடவேல்லை.
கடைசிச் சரவெடி முடிஞ்சும் கனநேரம்.
நுளம்பு குத்திச்சுது. ஓட்டோவுக்கு ரெண்டு ஹயர் போச்சுது.
எப்பவோ ஒருக்கா
என்ர முதுகெலும்பில
சூடாய் ஒரு தாடை வந்து சாஞ்சுது.

இப்ப கோலுக்கு முதல்
அக்காவின்ர பழைய சேட்டை அலுமாரியால எடுத்து
போனுக்குக் கீழ விரிக்கிறனான்.
சரியோ பிழையோ தெரியாது,
டொக்டரிட்டைக் கேக்கவும் இல்லை.

"ரூபன், வாலை ஆட்டுறாளோ?"

"இல்லை அக்கா.
ஆனா இண்டைக்கு
கொட்டாவி விடேல்லை."

அங்கால சத்தமில்லை.
"அதென்ன கதை?" எண்டு கேட்டா.
ஓட்டோவின்ர சாவியைக் கீழ வைச்சுப்போட்டு
சொல்லத் தொடங்கினன்,
வெங்காயத்திலயிருந்து.