முப்பது ஆண்டு, கூட்டியோ குறைத்தோ

காப்பிக் கணக்கு எழுதுகிறவன் நான்.
இரண்டு மாதம் மண் கணக்கு எழுதக் கூப்பிட்டார்கள்.
குழி எண், அடுக்கு, ஆழம், பொருள்.
பொருள் இல்லையென்றால் ஒரு கோடு.
முதல் வாரம் முழுக்கக் கோடுதான்.

தாண்டிக்குடிக்கு மேலே
சில்வர் ஓக் வரிசை முடிகிற பாறைச் சரிவில்
நான்கு பலகைக்கல், மேலே ஒரு மூடுகல்,
கிழக்குப் பக்கம் தலை நுழையும் அளவு வட்டத் துளை.
குள்ளர் வீடு என்போம்.
மருந்தடிக்கும் பம்பும் கிழிந்த படுதாவும்
பத்து வருஷம் அதற்குள்தான் கிடந்தன.
காட்டுமாடு துரத்திய அன்று
மூன்று மணி நேரம் உள்ளே ஒடுங்கியிருந்த இன்னாசி
பீடி தீர்ந்ததும் அழுதான்.

ஒரு துண்டுத் தொடையெலும்பை அளந்துவிட்டு
குள்ளர் இல்லை, நம் உயரத்து ஆட்கள்தான்
என்றாள் வாணியம்பாடியிலிருந்து வந்த நிலோஃபர்.
இன்னாசிக்குப் பிடிக்கவில்லை.
"நம்ம ஆளுன்னா, அப்ப கல்லை யாரு தூக்குனா?"

சல்லடை மொக்கத்தாயிடம்.
இருபது வருஷம் காப்பிக்கொட்டையில் கல் பொறுக்கிய கை;
இப்போது கல்லில் கொட்டை தேடச் சொல்கிறார்களென்று
சிரித்துக்கொண்டே சலிப்பாள்.
பதினேழாம் நாள், சித்திரை மழை இறங்குமுன்
கண்ணியில் தங்கியது ஒரு சூதுபவள மணி,
குன்றிமணியைவிடக் கொஞ்சம் பெரிது.
எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டாள்.
"அக்கா, வேண்டாம்!" என்று நிலோஃபர் கத்துவதற்குள்
சிவப்பு வெளியே வந்துவிட்டது.

இந்த மலைக் கல் இல்லையாம், குஜராத்துப் பக்கம்.
சாம்பலில் புதைத்துச் சுட்டுச் சிவக்கவைத்து
இரு முனையிலிருந்தும் துளைத்திருக்கிறார்கள்.
லென்ஸில் காட்டினாள்:
நடுவில் இரண்டு துளையும் சந்திக்கும் இடம்
ஒரு மயிரிழை தப்பியிருக்கிறது.
அங்கே ஒருத்தன்
அன்றைக்குத் தூக்கம் கெட்டு வேலைக்கு வந்திருப்பான்.

நான் படித்த புத்தகத்தில்
வரலாறு ஆற்றங்கரையில் பிறந்தது,
கடற்கரைக்கு வியாபாரம் பார்க்கப் போனது,
அப்புறம் கோட்டைக்குள் குடியேறிவிட்டது.
மலைக்கு ஏறி வந்ததாகப் பாடமே இல்லை.
மலை என்பது கடைசி அத்தியாயத்தில்
துரைகளுக்கு வியர்த்தபோது
கண்டுபிடிக்கப்பட்ட இடம்.
அவர்கள் காப்பி நாற்று கொண்டுவருவதற்கு
ஈராயிரம் வருஷம் முன்பே
இந்தச் சரிவில் ஒருவருக்குக்
கழுத்தில் குஜராத் தொங்கியிருக்கிறது.
பதிலுக்கு இறங்கிப் போன மூட்டையில் என்ன?
மிளகா, தேனா, ஏலமா?
மிளகுக்கு எலும்பு கிடையாது.
கோடு போட்டேன்.

தையில், பழம் எடுக்கிற மும்முரத்தில்
ஆய்வகச் சீட்டு வந்து சேர்ந்தது.
மணிக்குப் பக்கத்தில் கிடந்த கரித்துண்டின் வயது
இரண்டாயிரத்து நூற்றெண்பது,
முப்பது ஆண்டு கூட்டியோ குறைத்தோ.
"அதென்ன கூட்டியோ குறைத்தோ?" என்றாள் மொக்கத்தாய்.
சரியாகத் தெரியாது என்று அர்த்தம், என்றேன்.
"தெரியாதுன்னு எழுதிக் குடுத்தா
ஒத்துக்கிறாங்களா?"

ரேஷன் கார்டில் அவளுக்கு அறுபத்தொன்று.
வாக்காளர் அட்டையில் ஐம்பத்து நான்கு.
ஆதாரில் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்திருக்கிறாள்,
அவள் தெருவில் பாதிப் பேரைப் போல.
பென்ஷன் மனு மூன்று முறை திரும்பி வந்தது.
"என்னையும் அந்த மிஷினுல வச்சுப் பாக்கச் சொல்லும்மா."
அது செத்தவங்களுக்கு மட்டும்தான்கா என்று ஆரம்பித்த நிலோஃபர்
பாதியில் நிறுத்தி
சீட்டை மடிக்கத் தொடங்கினாள்.

மணி பஞ்சுப் பெட்டியில் மதுரைக்குப் போனது.
பம்பை மறுபடி அங்கே வைக்கக் கூடாதென்று உத்தரவு.
இன்னாசி அந்தப் பக்கம் போனால்
பீடியை அணைத்துவிடுகிறான்.

இந்த வார மஸ்டரில்
வயது என்ற கட்டத்தில், மொக்கத்தாய் பேருக்கு நேரே,
ஐம்பத்தெட்டு, நான்கு கூட்டியோ குறைத்தோ
என்று எழுதி அனுப்பினேன்.
மேனேஜர் சிவப்பு மையில் சுழித்துத்
திருப்பியிருக்கிறார்.