பதினேழாம் எண் கணினி

அபிரூபா போய்விட்டாள்,
ஆனால் வெளியேறவில்லை.
பதினேழாம் எண் கணினியின் மூலையில்
அவள் பெயர்
பச்சைப் புள்ளியோடு விழித்துக்கொண்டிருந்தது.
நாற்காலியில் இன்னும் சூடு.

மதியம் இரண்டேகால். செங்காங்கில் மழை.
பொருளியல் விரிவுரை ரத்து.
பின்னால் ஜுன் காயும் ஃபிர்டௌஸும்,
நூலகத்துக்குள் ஒளித்துக் கொண்டுவந்த மைலோவோடு.
செய், என்று யாரும் சொல்லவில்லை.
பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டேன்.
யாரும் சொல்லவில்லை.

கல்லூரி அந்த மாதம்தான்
'உங்கள் குரல்' என்றொரு படிவம் திறந்திருந்தது.
கட்டத்துக்குள் ஐந்நூறு எழுத்து பேசலாம்.
நான் கொஞ்சமாகத்தான் பேசினேன், அவளாக:
முதல்வர் உரையில் தூங்கியவர்களுக்கும்
வருகைப் பதிவு உண்டா...
அனுப்பு.
ஃபிர்டௌஸுக்கு மைலோ மூக்கில் ஏறியது.
அவ்வளவுதான், மூன்று நொடிச் சிரிப்பு.

விடியுமுன் எங்கள் புளோக்கையே எழுப்பும் குயில் மீது
அப்பா நகர மன்றத்துக்கு மூன்று புகார் எழுதிவிட்டார்.
முட்டையிட மட்டும் அந்த இனத்துக்குக்
காக்கைக் கூடு வேண்டும்.
கூவும்போது பாருங்கள்,
எவ்வளவு சொந்தக் குரல்.

அவளை அழைத்தார்கள்.
நான் இல்லை, என்றாளாம்.
கணினி ஆம் என்றதாம்.
அதற்கு மணி தெரியும், நொடி தெரியும்,
யாருடைய விரல் என்று தெரியாது.

மறுவாரம் அதே படிவத்தில்
அவளே எழுதினாள்:
நூலகம் இரவு ஒன்பது வரை திறந்திருக்கட்டும்.
எங்கள் வீட்டில் ஒரே மேசை.
அதில் தம்பிகள் இருவர்,
அம்மா விற்கிற கேக்குகளின் மடிக்காத பெட்டிகள்,
எட்டரைக்கு மேல்தான் என் முறை.

இது எனக்கு எப்படித் தெரியும்?
குழுக்கூட்டத்தில் படித்தேன்.
ஆமாம், குழுவில் நான் இருந்தேன்.
'மாணவர் குரல்' என்று அட்டை மடித்து
என் முன்னால் நிறுத்தியிருந்தார்கள்.
அவள் வரிகள் கடைசிப் பக்கத்தில்,
'பொருட்படுத்த வேண்டாதவை' என்ற தலைப்பின் கீழ்.
பக்கத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு:
போன வாரமும் கேலி செய்த அதே மாணவி.

பிறகு கணினிப் பயன்பாட்டு விதிகள், மொத்தம் பதினான்கு.
ஆறாவதைத் திருமதி சியா
என்னைத்தான் வாசிக்கச் சொன்னார்,
உச்சரிப்பு தெளிவாம்.
வாசித்தேன்.
பிறர் கணக்கைப் பயன்படுத்துவது பற்றிய விதி.
ஒரு சொல்லும் தடுமாறவில்லை.
மாணவர் தரப்பில் ஏதாவது? என்றார்.
பிஸ்கட் தட்டு என் பக்கம் நகர்ந்து வந்தது.
ஒன்றை எடுத்து முழுசாகப் போட்டுக்கொண்டேன்.
வாய் நிறைந்திருப்பவனிடம்
யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை.

அன்று மாலை எல்ஆர்டி மேடையில்
அவளிடம் சொன்னேன், தவணை தவணையாக.
தெரியும், என்றாள்.
வாக்கியத்தை மூன்று புள்ளியில் தொங்க விடுவது
நம் வகுப்பில் நீ ஒருவன்தான்.
அப்போ ஏன் அவர்களிடம்...
பார், இப்போதும்.

ரயில் வந்தது. இருவரும் ஏறவில்லை.
நான் போய் முதல்வரிடம் சொல்லிவிடுகிறேன், என்றேன்.
அது உன் பாடு.
எனக்காக எழுதாதே,
என்னைப் போலவும் எழுதாதே, போதும்.
ஒன்பது மணி நூலகம் உனக்கு வேண்டுமா, யோசி.
வேண்டுமென்றால் உன் பெயரில் கேள்.
அடுத்த ரயிலில் அவள் போய்விட்டாள்.

எனக்கு வீட்டில் தனி அறை இருக்கிறது.
கதவு இருக்கிறது.
வேண்டுமா என்று யோசிக்க
மூன்று நாள் ஆனது.

ஐந்நூறு எழுத்துக் கட்டம்.
மூலையில் என் பெயர், பச்சைப் புள்ளி.
அன்று அபிரூபா கணக்கில் எழுதியது நான்.
ஒன்பது மணி வரை நூலகம்,
ஒரே மேசை உள்ள வீடுகளுக்காக,
எனக்கும் வேண்டும்
என்று அடித்து
முற்றுப்புள்ளி வைத்தேன்.
பழக்கத்தில் விரல்
இன்னும் இரண்டு வைத்தது.

அழித்தேன்.