ஜூலையில் லீமாவுக்கு

ஜூலையில் வராதே என்கிறாள் எர்மெலிண்டா.
ஜூலையில்தான் லீவு என்கிறாள் ஷ்டூடர்.
இருவருக்கும் நடுவில்
ஓல்ட்டன் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தபடி நான்.

மறுமுனையில் இப்போது மெசின்.
மடிப்பில் பிசகில்லை.
பல்லுவலி எப்படி என்று கேட்பதில்லை.

பதினொரு வருடம் அவள் நின்ற இடம் அது.
நான் இரண்டடி வைக்க அவளும் இரண்டடி வைப்பாள்.
நுனியும் நுனியும் சேரும் கணத்தில்
ஒரு வசனம் கைமாறும்.
எங்களுக்குப் பொதுவாக இருந்தது ஜெர்மன் மட்டும்,
அதையும் ஆளுக்கொரு பக்கம் உடைத்து வைத்திருந்தோம்.
கரண்டி ஆணாம், முள்ளுக்கரண்டி பெண்ணாம்,
கத்தி இரண்டுமில்லையாம்.
சிரித்துச் சிரித்து ஒருநாள்
பிரசவ வார்டின் உறைகளெல்லாம்
எலும்பு முறிவுக்குப் போய்விட்டன.

பென்ஷன் வந்த கிழமையே
அவள் ஊருக்குப் போய்விட்டாள்.

சூரிக், மட்ரிட், லீமா.
மட்ரிட்டில் ஐந்து மணிநேரக் காத்திருப்பு,
பிறகு பன்னிரண்டு மணிநேரம்
பெரும்பாலும் கடலுக்கு மேலே.
திரையில் விலை
காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று,
மீன்சந்தை தோற்றுப்போகும்.
ஆயிரத்து நூற்றித் தொண்ணூறு பிராங்க் என்றதும்
இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அங்கே அப்போ என்ன காலம்?"

புகார், என்றேன்.
மாதக்கணக்கில் சூரியன் தெரியாதாம்.
வானத்தைக் கழுதை வயிறு என்பார்களாம்.

"நவம்பர் முழுக்க
ஆரே ஆற்றுப் பாலம் கண்ணுக்குத் தெரியாமல்
தடவித் தடவி வேலைக்குப் போறனீ.
வெயில் எறிக்கிற ஒரு மாதத்தையும் விட்டிட்டு
பத்தாயிரம் கிலோமீற்றர் போய்
இன்னொரு புகாரா?"

அவர் சொன்னது மூட்டத்தை.
என் காதில் விழுந்தது முறைப்பாடு.
ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
அன்றிரவு இரண்டு பேரும் வேறுவேறாகக் கோபப்பட்டோம்.

சொல்லாமல் விட்டது இது:
அவளுடைய ஜெர்மன் கரைந்துகொண்டு வருகிறது.
முதல் வருடம் குரல்செய்திகளில் முழு வசனங்கள்.
பிறகு நடுவில் ஸ்பானிஷ்,
பிறகு ஒரு மூச்சு, ஒரு சிரிப்பு,
பின்னால் யாரோ வீட்டு மாடியில் நாய்.
போன ஞாயிறு
விரிப்பு என்ற சொல்லைத் தேடித் தேடி
அகப்படாமல்
"எங்கட வெள்ளை" என்றாள்.
அதுவும் போவதற்குள் போக வேண்டும்.
இதை விமானச் சீட்டு விலைக்குப் பக்கத்தில்
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கொண்டுவரச் சொன்னாள்:
கைவெடிப்புக்குப் பூசும் களிம்பு, சலவைக்கூடத்து அலமாரியில் இருந்ததே
அதே நீல டப்பா, மூன்று.
சொக்லேட் வேண்டாம், மருமகள் ஒளித்துவைத்துத் தின்பாள்.
குடை வேண்டாம்.
மழை என்ற பேரில் தூவானம்தான்,
ஊரில் குடை வைத்திருப்பவன் வெளியூர்க்காரன்.
ஆனால் துணி காயாது, அதைத் தெரிந்துகொண்டு வா.
மொட்டைமாடிக் கொடியில் மூன்று நாள் தொங்கி
நாலாம் நாளும் ஈரம்,
முகர்ந்தால் கடல்.

வேலைக்கு வேலை, கதைக்குக் கதை.
இதைவிட என்ன சுற்றுலா வேண்டும் எனக்கு?
பார்க்க வேண்டியவை என்று
மகள் அச்சடித்துத் தந்த ஐந்து பக்கத்தில்
பிரமிட்டுகூட ஒன்று இருக்கிறது.
பார்க்கலாம்.
துணி காய்கிற நேரத்தில்.

நாலாம் திகதி முதல் இருபத்துநாலு வரை.
ஷ்டூடர் கையெழுத்துப் போட்டாள்,
பேனா மை வராமல் இரண்டுதரம் உதறி.
இவர் ஒன்றும் சொல்லவில்லை,
பெட்டி நிறுக்கும் தராசைப்
பரணிலிருந்து இறக்கி வைத்திருந்தார்.

ஜன்னலோர இருக்கைக்கு
நாற்பது பிராங்க் கூடக் கேட்கிறது திரை.
புகாரைப் பார்க்க எதற்கு ஜன்னல்?
நடுவிலேயே இருந்து போகிறேன்.